மேட்டடியில் ஒரு எல்.சி.

மேட்டடி என்கிற ஊர் எந்த மேப்பிலும் கிடையாது. சுரங்கத்தில் வெட்டி எடுத்த மண்ணை வருஷக்கணக்கில் கொட்டிக் கொட்டி ஒரு மலையாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். அந்த மலைக்குப் பின்னால், தார் ரோடு முடிந்து மண் தடமும் முடிகிற இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பதினோரு வீடுகள். அதுதான் மேட்டடி. சுரங்கத்து டவுன்ஷிப்பில் பிளாக்குக்கு நம்பர் உண்டு, தெருவுக்குப் பெயர் உண்டு, குவார்ட்டர்ஸ் வாசலில் பூச்செடி உண்டு. அந்தப் பூச்செடிக்குத் தண்ணீர் விடுகிறவள் நான். பெயர் செவ்வந்தி. மேட்டடியில் இருப்பவர்கள் எல்லாருமே என்னைப் போலக் கான்ட்ராக்ட் ஆட்கள்தான்.

செல்போன் டவரெல்லாம் மண்மேட்டுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் செல்போன் என்பது மணி பார்க்கவும் டார்ச் அடிக்கவும் மட்டும். ஆனால் என் வீட்டில் ஒரு லேண்ட்லைன் இருந்தது. டெலிபோன் கம்பம் மண் தடத்தோரமாக வந்து என் வீட்டோடு நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று கம்பம் நட்டவர்களுக்கே தெரியாது. 2016 பொங்கல் முடிந்து அந்த லைனிலேயே இன்டர்நெட் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பதினோரு வீடும் பங்கு போட்டு வாங்குவது என்று முடிவானது. மோடம் என் வீட்டு ஹாலில். அதிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, வாசல் பலா மரத்தில் ஊருக்கான வைஃபை பெட்டி ஒன்றை வைத்தார் என் வீட்டுக்காரர் இளவழகன். மழையில் நனையாமல் இருக்க அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து வைத்தார். அவர் பவர் ஹவுசில் எலக்ட்ரீஷியனுக்கு ஹெல்பர். ஹெல்பர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், அதனால் எலக்ட்ரீஷியன் என்றே வைத்துக்கொள்வோம்.

முதல் வாரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எதிர்வீட்டுப் புஷ்பவல்லி விட்டுப்போன சீரியலையெல்லாம் முதல் பாகத்திலிருந்து பார்க்கத் தொடங்கினாள். இரண்டாவது வாரமே சண்டை. ஒரு வீட்டில் படம் ஓடினால் இன்னொரு வீட்டில் வட்டம் சுற்றும். "யாரு வூட்டுல இழுக்குறாங்க" என்று ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வார்கள், குழாயடியில் கேட்கிற அதே குரலில். எனக்கு அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. வட்டம் சுற்றினால் சுற்றட்டும், சீரியல் எங்கே ஓடிப்போகிறது.

தமிழ்மொழியைப் பார்த்த பிறகுதான் அது வேடிக்கையில்லை என்று புரிந்தது.

தமிழ்மொழி மூன்றாவது வீட்டுப் பெரியண்ணன் மாமாவின் மகள். இருபத்தைந்து வயது. பெயர் வைத்து ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அவளுக்குக் காது கேட்காது என்று தெரிந்ததாம். கடலூரில் காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தாள். அங்கே அவளோடு படித்தவன் செந்தில்நாதன், அவனுக்கும் கேட்காது. பள்ளி முடிந்ததும் ஆளுக்கொரு திசை. ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட முடியாதவர்கள் தொலைந்தால் தொலைந்ததுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, என் வீட்டு மோடம் தயவில், பேஸ்புக்கில் முகம் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அவன் மேல்பட்டாம்பாக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறான் என்று என்னிடம் கையாலேயே சொன்னாள். மிஷின் ஓட்டுகிற மாதிரி காலை ஆட்டிக் காட்டியதில் எனக்கே புரிந்தது.

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு என் ஹாலில் வந்து அரை மணி நேரம் உட்காருவாள். அவளுடைய செல்லின் பேட்டரி பழசு, சார்ஜரைச் சொருகினால்தான் உயிர் வரும். மோடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் செல்லைச் சுவரில் சாய்த்து வைத்து, இரண்டு கையும் காலியாக வைத்துக்கொண்டு செந்தில்நாதனோடு வீடியோவில் பேசுவாள். எழுதிக் கேட்டால் அவளிடமிருந்து ஒரு வரி வரும். கையால் பேசவிட்டால் கதையே வரும். நான் அரிசி களைந்துகொண்டே பார்த்துப் பார்த்து நாலைந்து வார்த்தை கற்றுக்கொண்டேன்.

அப்படி அவள் பேசிக்கொண்டிருக்கும்போது புஷ்பவல்லி வீட்டில் சீரியல் ஓடினால் போச்சு. செந்தில்நாதனின் கை பாதியில் நின்றுவிடும். நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் வரும், ஒட்டவைத்துப் புரிந்துகொள்ளலாம். அவளுக்குக் கைதான் குரல். நின்ற கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் அதைப் பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒரு எல்.சி. குடுத்துரலாம்" என்றார்.

பவர் ஹவுசில் யாராவது லைனில் கை வைத்து வேலை பார்க்கப் போனால், ஸ்விட்சை இறக்கிவிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சிவப்புக் கார்டு கொடுப்பார்கள். அதற்குப் பெயர் எல்.சி., அதாவது லைன் கிளியர். வேலை முடிந்து அதே ஆள், தன் கையால், அந்தக் கார்டைத் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் ஸ்விட்சை யாரும் தொடக் கூடாது. மேனேஜரே வந்து நின்றாலும் கூடாது. தொட்டால் மேலே இருப்பவன் உயிர் போகும்.

ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னதும் முதலில் தலையாட்டியவர் கடைசி வீட்டு அய்யாசாமி பெரியப்பா. வெளியூரில் ஏதோ ஒரு ரைஸ் மில்லில் எல்.சி. கில்.சி. ஒன்றும் இல்லாமல் வேலை பார்த்து இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர். எட்டு விரலை விரித்துக் காட்டி, "எல்.சி.ன்னா சாமி மாதிரி. ஒத்துகினா முழுசா ஒத்துக்கணும்" என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். தமிழ்மொழி வருவாள், நோட்டில் கையெழுத்துப் போடுவாள், நான் சிவப்புக் கார்டைக் கொடுத்துவிட்டுப் பலா மரத்துப் பெட்டியை அணைப்பேன். ஊர் முழுக்க நெட் நின்றுவிடும். ஹாலில் இருக்கிற மோடம் மட்டும் அவளுக்காக எரியும். ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் காலை பத்து மணிக்கு. அந்த அரை மணி நேரம் ஊரில் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. ஆச்சரியம்தான். குழாயடியில் குடத்தை ஒரு சாண் நகர்த்தி வைத்தாலே சண்டைக்கு வருகிறவர்கள் இவர்கள்.

சித்திரை பிறந்ததும் விஷயம் முற்றியது. செந்தில்நாதன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். அவன் அம்மாவுக்கும் சம்மதம். பெரியண்ணன் மாமாதான் குறுக்கே நின்றார்.

"ரெண்டு பேருக்கும் காது கேக்காது. ராத்திரி கொழந்த அழுதா யாரு எழுந்திரிக்கிறது? என் பொண்ண நான் வூட்டுலயே வெச்சுக்கிறேன்."

சொன்னது கவலையோடுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் செவ்வந்தி இல்லை. அந்த மனிதர் தன் மகளிடம் ஒரு நாளும் கையால் பேசியதில்லை. அவர் மனைவி நாகம்மாள்தான் நடுவில் நின்று இவர் சொல்வதைக் கையால் சொல்லி, அவள் சொல்வதை வாயால் சொல்லுவாள். வெளியில் பஸ்சில் போகும்போது மகள் கையைத் தூக்கினால் இவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடுவார். நாலு பேர் பார்ப்பார்களாம். இருபத்தைந்து வருஷமாக அவர் மகளிடம் நேராகச் சொன்னது என்று பார்த்தால் கண்ணை உருட்டியது மட்டும்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் செந்தில்நாதன் வீட்டார் வந்து பேசவும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு எத்தனை நாள் பொறுமை இருக்கும். குறிஞ்சிப்பாடியில் வேறொரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். பெரியண்ணன் மாமாவின் சம்மதம் வராவிட்டால் வெள்ளிக்கிழமை அங்கே வெற்றிலைபாக்கு மாற்றுவது என்று சொல்லிவிட்டார்கள். மேட்டடிக்கே தெரியும் இது.

அதற்கு முந்தைய ஞாயிறு காலை பத்து மணிக்குத் தமிழ்மொழி வந்து எல்.சி. வாங்கினாள். நான் பெட்டியை அணைத்துவிட்டுத் துணி துவைக்கப் பின்பக்கம் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் ஆளில்லை. செல் சார்ஜரோடு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றது. கார்டைக் காணோம்.

எங்கேயோ பக்கத்தில் போயிருப்பாள் என்று நினைத்தேன். அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கார்டு வெளியே இருந்து, லைனில் ஆள் இல்லையென்றால் மெயினையே இறக்கி வைக்க வேண்டும் என்பது வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம். சட்டப்படி நடக்கிற பெருமையில் மோடத்தின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு நாகம்மாள் அக்கா வந்து, "பொண்ணு இன்னும் இங்கியா கீது?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் ஊர் கலங்கியது. தடத்து முனையில் ஆடு மேய்த்தவர் அவள் வடலூர் பஸ்சில் ஏறியதைப் பார்த்திருக்கிறார். எங்கே போயிருப்பாள் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பட்டாம்பாக்கம் போயிட்டா" என்று நாகம்மாள் அக்கா உட்கார்ந்துவிட்டாள். வீடு எது, தெரு எது, ஒன்றும் தெரியாது. தையல் கடை என்பது மட்டும்தான் தெரியும். புஷ்பவல்லி அவளை எழுப்பிக் கைப்பிடித்து, "வா அக்கா, ஊருக்குள்ள போயி விசாரிச்சா தெரிஞ்சிரும்" என்று பஸ்சுக்கு அழைத்துப் போனாள். நல்லவள்தான், சீரியல் பார்க்கிறாள் என்பதற்காகக் குறை சொல்லக் கூடாது.

பெரியண்ணன் மாமா போகவில்லை. "அவளாப் போனவ. நான் இன்னாத்துக்குப் போவணும்" என்று என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டில் உட்காராமல் என் வீட்டு வாசலில் ஏன் உட்கார்ந்தார் என்று நான் கேட்கவில்லை. மகள் கடைசியாக இருந்த இடம் அது. சோறு போட்டுக் கொடுத்தேன். தட்டைத் தொடவில்லை.

ஊரே வாசலில் கூடியிருந்தது. யாரோ ஒருத்தன் மெதுவாக, "நெட்ட மட்டும் போட்டு வுடலாமா, மேட்ச் ஓடுது" என்றான். அய்யாசாமி பெரியப்பா அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"பொண்ணக் காணோம்னு துடிச்சிகினு இருக்காங்க, உனக்கு நெட்டு கேக்குதா? அது கையெழுத்துப் போட்டு வாங்கிருக்கு. அது வந்து குடுக்குற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எங்களுக்கெல்லாம் அது சரியாகத்தான் பட்டது. ஊரில் ஒரு கஷ்டம் என்றால் ரேடியோவை நிறுத்தி வைப்பதில்லையா, அந்த மாதிரி. ஐந்து மணி நேரம் பதினோரு வீடும் நெட் இல்லாமல் அவளுக்கு மரியாதை செய்தோம்.

மூன்றரை மணி இருக்கும். ஹாலைப் பெருக்கப் போனவள் அந்தச் செல்லைப் பார்த்தேன். துடைப்பத்தை அப்படியே போட்டேன். தமிழ்மொழி வீட்டுக்கே அது ஒன்றுதான் செல். பெரியண்ணன் மாமா செல் வைத்துக்கொள்வதில்லை. என் வீட்டு லேண்ட்லைன் நம்பர் தமிழ்மொழிக்கு எப்படித் தெரியும், பேச முடியாத போனின் நம்பரை எவள் மனப்பாடம் செய்வாள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அவள் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால், கூப்பிட முடிந்த ஒரே இடம் இந்த ஸ்டூல். அதை நான் அணைத்து வைத்திருக்கிறேன்.

வாசலுக்கு ஓடி வந்து சொன்னேன். எல்லாரும் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கார்டு அவ கையில கீதே செவ்வந்தி."

"லைன்ல எவன் தொங்கிகினு இருக்கான்? நெட்டுங்க அது. ஷாக் அடிக்காது."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பதினைந்து வருஷமாகக் கார்டு திரும்பாமல் ஸ்விட்சைத் தொடாத கை அது. அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அய்யாசாமி பெரியப்பாதான் எழுந்தார்.

"கார்டு வாங்குனவன் ஊர்லயே இல்லேன்னா, குடுத்தவங்க கேன்சல் பண்ணலாம். ஆனா லைன்ல யாரும் இல்லேன்னு கண்ணால பாத்துட்டுத்தான் பண்ணணும். குடுத்தது நீதானம்மா, வா."

அவர் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். மோடத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தார், வாசலில் ஒயர் போகிற வழியெல்லாம் நடந்து பார்த்தார், பலா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மேலே அண்ணாந்து பார்த்தார். நெட்டில் யார் தொங்கப் போகிறார்கள் என்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. வந்து நோட்டில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பதற்றத்தில் மோடம், மரத்துப் பெட்டி இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டேன்.

மோடத்தில் ஒவ்வொரு விளக்காக வந்தது. கடைசி விளக்கு வந்ததும் ஸ்டூல் மேல் இருந்த செல் அதிரத் தொடங்கியது. அவள் செல்லில் சத்தம் கிடையாது, அதிர்வு மட்டும்தான். விட்டுப்போன அழைப்பு இருபத்தாறு என்று காட்டியது. நான் எண்ணைப் படித்து முடிப்பதற்குள் இருபத்தேழாவது வந்துவிட்டது.

எடுத்தேன். தமிழ்மொழிதான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பின்னால் தையல் மிஷின், பக்கத்தில் செந்தில்நாதன், அவனுக்குப் பின்னால் அவன் அம்மா எட்டிப் பார்த்தாள். தமிழ்மொழி என்னைப் பார்த்ததும் சரசரவென்று கையை ஆட்டினாள். எனக்குப் புரிந்தது ஒரு வார்த்தைதான். அப்பா.

பெரியண்ணன் மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து ஸ்டூலுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். பின்னால் ஊர் முழுக்க நின்றது. அவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். நாகம்மாள் இல்லை. அவருக்காகக் கையை ஆட்ட அங்கே யாரும் இல்லை.

அந்தம்மாள் பேச ஆரம்பித்தாள். "அண்ணே, பொண்ணு தப்பா ஒண்ணும் பண்ணலீங்க. உங்க சம்மதம் இல்லாம நான் எதுவும் செய்ய மாட்டேன்னு சொல்லிட்டேன். நீங்களே அதுகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. வான்னா அனுப்பி வெச்சிடறேன்."

அவர் அந்தம்மாளைக் கவனித்ததாகவே தெரியவில்லை. மகளைப் பார்த்தார். மகள் இவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு நடுவில் செருகி வைத்திருந்த கை மெதுவாக மேலே வந்தது. விரலைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், தலையை லேசாக ஆட்டினார்.

சாப்பிட்டாயா.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். நீ, என்று திருப்பிக் கேட்டாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். தொடாத தட்டு வாசலில் இருந்தது. பொய் சொல்லக் கற்றுக்கொள்ள மனிதருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

பிறகு அவள் கேட்டாள். ஒரு குழந்தைக்குக் கேட்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, மெதுவாக. தன்னைக் காட்டினாள். செந்தில்நாதனைக் காட்டினாள். கையை விரித்தாள். அது அவருக்குப் புரிந்தது, எங்கள் எல்லாருக்குமே புரிந்தது.

நான் வாயைத் திறக்கப் போனேன், வீட்டுக்காரர் என் தோளை அழுத்தினார். பெரியண்ணன் மாமா மகளைக் காட்டினார். செந்தில்நாதனைக் காட்டினார். இரண்டு விரலைச் சேர்த்து ஒன்றாக வைத்தார். அந்த விரலாலேயே, வா, என்று தன் பக்கம் இழுத்தார்.

ரெண்டு பேரும் வாங்க.

படம் நின்றுவிட்டது. தமிழ்மொழியின் முகம் கண்ணை விரித்தபடி அப்படியே நின்றது. வட்டம் சுற்றியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மரத்துப் பெட்டியையும் போட்டேன் அல்லவா, பதினோரு வீட்டுச் செல்லும் ஐந்து மணி நேரப் பசியில் ஒரே நேரத்தில் இழுக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரர் பலா மரத்துக்கு ஓடினார். மற்றவர்கள் அவரவர் செல்லை அணைக்க ஓடினார்கள்.

பெரியண்ணன் மாமாவுக்கு அது எதுவும் தெரியாது. மகள் பதில் சொல்லவில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது. தான் சொன்னது சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபடியும் சொன்னார். நீ, அவன், ரெண்டு பேரும், வா. முகம் அசையவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, கையைப் பெரிதாக வீசிச் சொன்னார். நீ, அவன், ரெண்டு பேரும், வா. பஸ்சில் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டவர், அத்தனை பேர் பார்க்கப் பார்க்க, வேர்த்து வழிய, நின்றுபோன ஒரு படத்தைப் பார்த்து ஒன்பது தடவை சொன்னார். நான் எண்ணினேன்.

படம் ஓட ஆரம்பித்தபோது தமிழ்மொழி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கையால் ஏதோ சொன்னாள். மெதுவாகச் சொல்லச் சொல்லி நான் புரிந்துகொண்டு மாமாவிடம் சொன்னேன்.

"அங்க படம் நிக்கவே இல்லியாம் மாமா. நீங்க மொத தடவ சொன்னதே தெரிஞ்சிடுச்சாம்."

"அப்புறம் ஏன் அப்பவே சொல்லாம இருந்துச்சு?" என்றார் மூச்சு வாங்கியபடி.

கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தே பதில் சொன்னாள். அதை நான் வாயால் சொன்னேன்.

"அப்பா எங்கிட்ட பேசிகினு இருந்தாரு, நடுவுல பேசக் கூடாதுன்னு பாத்துகினு இருந்தேன்னு சொல்லுது மாமா."

பெரியண்ணன் மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்து என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கையைத் தூக்கி, மறுபடியும், சாப்பிட்டாயா என்றே கேட்டார்.